திகில் பட உருவப்பொம்மைகளின் கலைத்தரத்தை மதிப்பிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் நகரில் ஒரு மளிகைக் கடைக்கு மேலுள்ள சிறிய காம்பராவில், திகில் படப் பாத்திரங்களின் உருவப்பொம்மைகளுக்கு மறுவண்ணம் பூசுவதும் உடைந்தவற்றைச் சீர்செய்வதும் என் மாலை நேர வேலை. பண்டாரவளை, பதுளை, தலவாக்கலை, கண்டி எனப் பல இடங்களிலிருந்தும் சேகரிப்பாளர்கள் படம் அனுப்பி, "இது நல்லதா?" என்று கேட்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் ஒப்புமை, செய்நேர்த்தி, அரிய தன்மை, விலை என்று நான்கைந்து கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இங்கே கலைத்தரம் பற்றி மட்டும் பதில் சொல்கிறேன்.

ஓர் உருவத்தைக் கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்க்கிறீர்கள்?

முதுகைப் பார்க்கிறேன். முகத்தில் சிற்பி தம் திறமை முழுவதையும் கொட்டியிருப்பார். விளம்பரப் படமும் முகத்தைத்தான் காட்டும். முதுகை அப்படி யாரும் சோடிப்பதில்லை என்பதால், உடலின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, அதற்கேற்ப இடுப்பு சாய்ந்திருக்கிறதா, தோள்களில் ஒன்று சற்றுத் தாழ்ந்திருக்கிறதா, உடையின் மடிப்புகள் அந்தச் சாய்வுக்குக் கட்டுப்பட்டு விழுகின்றனவா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். இரண்டு காலிலும் சமமாக நின்றுகொண்டு கைகளை மட்டும் உயர்த்தும் உருவத்தைப் பார்த்தால் புடவைக் கடை வாசலில் நிறுத்தியிருக்கும் பொம்மையின் நினைவுதான் வரும்.

அடுத்தது பார்வை. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் என் அம்மாயி. வாழ்நாள் முழுவதும் கொழுந்து பறித்தவர். திகில் படம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. நான் முதன்முதலாக வாங்கிய, 'எ நைட்மேர் ஒன் எல்ம் ஸ்ட்ரீட்' படங்களின் கொலைகாரனான பிரெடி குரூகர் உருவத்தை இஸ்தோப்பில் வைத்துக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது யாரையும் பாக்கல தம்பி, சும்மா முழிச்சிக்கிட்டு நிக்குது. நம்ம முனியாண்டிய பாரு, மலைய பாத்துக்கிட்டு இருக்காரு" என்றார். எங்கள் தோட்டத்து முனியாண்டி சிலையில் அளவு எதுவும் சரியாக இராது. கை குட்டை, மீசை முகத்தைவிட அகலம். ஆனால் அவருடைய பார்வைக்கு ஓர் இலக்கு உண்டு. உருவத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஏதோ ஓரிடத்தில் அதன் கண்கள் நம்மைப் பிடிக்க வேண்டும். இன்னும் சிறிது திருப்பினால் விட்டுவிட வேண்டும். எந்தக் கோணத்திலும் பிடிக்காத உருவம் முழிக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன். பார்க்கிறதா, முழிக்கிறதா என்பதைத் தாண்டி எனக்கு வேறு பெரிய அளவுகோல் கிடையாது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அதன் கிளைகள்தாம்.

முகமூடி அணிந்த பாத்திரமாக இருந்தால் பார்வை எங்கிருந்து வரும்?

கழுத்திலிருந்து வரும். 1978இல் ஜோன் கார்பென்டர் இயக்கி வெளியான 'ஹலோவீன்' படத்தின் மைக்கல் மயர்ஸ் இதற்கு மிகச் சிறந்த பாடம். அந்தப் படத்துக்குப் பணம் குறைவு. ஆகவே டொமி லீ வொலஸ் என்னும் கலை வடிவமைப்பாளர், 2 டொலருக்கும் குறைந்த விலையில், 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கப்டன் கேர்க்கினுடைய முகமூடி ஒன்றை வாங்கி, புருவத்தையும் கிருதாவையும் நீக்கி, கண் துளைகளை அகலமாக்கி, வெள்ளை பூசினார். ஒரு நடிகரின் முகத்திலிருந்து அடையாளத்தை எல்லாம் துடைத்தெடுத்த பிறகு மிஞ்சியதுதான் அந்த முகம். எனவே நல்ல உருவத்தில் அது யாரோ ஒருவரின் முகமாக இருந்து அழிந்துபோனது போலத் தோன்ற வேண்டும். கன்ன எலும்பும் மேலுதடும் மங்கலாகத் தெரிய வேண்டும். பல மலிவுப் பதிப்புகளில் அது வழவழப்பான முட்டையாகிவிடுகிறது. வேறு சிலவற்றில் சிற்பி ஆசை மிகுந்து புருவத்தை நெரித்து, கோபத்தை ஏற்றிவிடுகிறார். இரண்டும் பிழையே, இரண்டாவது பிழை பெரிது.

படத்தில், தான் கொன்ற ஒருவனைச் சுவரோடு கத்தியால் குத்தி நிறுத்திவிட்டு, மயர்ஸ் தலையை ஒரு பக்கமாகவும் மறுபக்கமாகவும் சாய்த்துப் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. சுவரில் மாட்டிய படம் கோணலாக இருக்கிறதா என்று பார்ப்பவரின் சாய்வு அது. கழுத்தில் சில பாகை அளவுக்கு அந்தச் சாய்வைக் கொண்டுவந்த சிற்பிக்கு முகத்தில் எதுவும் செய்யத் தேவையில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் சிலவற்றில் காவல் தெய்வம் முகமே இல்லாமல் ஒரு கல்லும் சூலமுமாக நிற்கும். இருட்டிய பிறகு அந்த வழியாக நடப்பவர்கள் அதன் முன் பேச்சைக் குறைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

படத்தில் இருப்பது போலவே இருந்தால் போதாதா?

ஒப்புமை வேண்டும்; அது நுழைவுச்சீட்டு. அதைச் சோதிக்கப் படத்தைக் கவனமாகப் பார்த்திருக்க வேண்டும். 1984இல் வந்த முதற்படத்தில் பிரெடி குரூகரின் சுவெட்டரில் கோடுகள் உடற்பகுதியில் மட்டுமே இருந்தன. கைகள் வெறும் சிவப்பு. கைகளுக்கும் கோடு வந்தது இரண்டாம் படத்திலிருந்துதான். பெட்டியில் 1984 என்று அச்சிட்டுவிட்டு, கையில் பச்சைக் கோடு போட்டிருந்தால் செய்தவர் படத்தைப் பார்க்கவில்லை. 'ஃப்ரைடே த தேர்ட்டீன்த்' தொடரின் கொலைகாரனான ஜேசன் வூர்ஹீஸின் ஹொக்கி முகமூடி 1982இல் வெளிவந்த மூன்றாம் படத்தில்தான் முதன்முதலாகத் தோன்றுகிறது. அதன் நெற்றியிலுள்ள கோடரி வெட்டு அந்தப் படத்தின் முடிவில் விழுந்தது. வெட்டு உள்ள முகமூடியோடு, படத்தின் முற்பகுதியைச் சித்திரிக்கும் உருவம் வந்தால் அதுவும் தவறு.

எனினும் இந்த விவரங்கள் எல்லாம் சரியாக இருந்தும் உயிரில்லாத உருவங்கள் என் அலுமாரியில் உள்ளன. காரணம் பெரும்பாலும் உடல் விகிதம். 1979ஆம் ஆண்டின் 'ஏலியன்' உயிரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்துக் கலைஞர் எச். ஆர். கீகர் வடிவமைத்த அந்த உடையை அணிந்தவர் பொலாஜி படேஜோ என்ற நைஜீரிய இளைஞர். ஏறக்குறைய ஏழடி உயரம், மிக மெலிந்த, நீண்ட கைகால்கள். பார்ப்பவர் மனம் 'உள்ளே மனிதன் இருக்கிறான்' என்று கண்டுகொள்ளத் தவறியது அந்த மெலிவால்தான். இன்று வரும் சில பதிப்புகள் எலும்பையும் குழாயையும் ஒன்றுவிடாமல் செதுக்கிவிட்டு, மார்பையும் தொடையையும் உடற்பயிற்சிக்காரனுடையது போல் பருக்க வைத்துவிடுகின்றன. அந்தக் கணமே அது உடை அணிந்த ஆளாகிவிடுகிறது. தலையையும் பாருங்கள். முதற்படத்தில் ஒளி ஊடுருவும் வழவழப்பான கவிகையும் அதன் முன்பகுதியில் மங்கலாக ஒரு மண்டையோடும் இருந்தன. 1986இன் இரண்டாம் படத்தில் கவிகையை நீக்கி, வரிவரியான மேடுகளை வெளியே விட்டார்கள். முதற்பட உருவத்தின் கவிகைக்குப் பின்னால் டோர்ச் பிடித்தால் மண்டையோடு நிழலாகத் தெரிய வேண்டும். கறுப்புப் பிளாஸ்டிக்கை மினுக்கி வைத்திருந்தால் வேலை பாதியில் நின்றுவிட்டது என்று பொருள்.

பிராங்கன்ஸ்டைனின் உயிரினத்துக்குப் பச்சை நிறம் சரியா, சாம்பல் நிறம் சரியா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஜேம்ஸ் வேல் இயக்கிய 1931ஆம் ஆண்டுப் படம் கறுப்பு வெள்ளை. ஒப்பனைக் கலைஞர் ஜெக் பியர்ஸ், உயிரினமாக நடித்த பொரிஸ் கார்லோஃபின் முகத்தில் நீலப்பச்சை கலந்த பூச்சைப் பூசியது திரையில் பச்சையைக் காட்டுவதற்காக அன்று. அன்றைய படச்சுருளில் அந்த நிறம் பிணத்தின் வெளிறலாகப் பதியும் என்பதற்காக. பச்சை அரக்கன் என்ற எண்ணம் சுவரொட்டிகளும் விளையாட்டுப் பொருட்களும் பிற்காலத்தில் ஊன்றியது.

ஆகவே பச்சை பூசிய சிற்பி படப்பிடிப்புத் தளத்தில் நின்றவரை நினைக்கிறார். சாம்பல் பூசியவர் திரையில் தோன்றியவரை நினைக்கிறார். இரண்டையும் நான் ஏற்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சாம்பலைத் தேர்ந்தால் மேற்சட்டையும் சப்பாத்தும் அடித்தளமும் அனைத்துமே கறுப்பு வெள்ளை உலகத்துக்குரியனவாக இருக்க வேண்டும். சாம்பல் முகத்தோடு மண்ணிறச் சப்பாத்து போட்டு நிற்கும் உருவம் இரண்டு உலகத்திலும் கால் வைத்துக்கொண்டு நிற்கிறது.

நிறத்தைவிட முக்கியமானவை இமைகள். கண்கள் மிகவும் விழிப்பாக இருக்கின்றன என்று கார்லோஃபே உணர்ந்து, இமைமேல் மெழுகு வைத்துக் கனக்கச் செய்தார்கள். தம் பொய்ப்பல் தொகுதியைக் கழற்றிவிட்டு ஒரு கன்னத்தைக் குழியச் செய்ததும் அவர்தான். கழுத்தில் இருப்பவை மின்சாரம் பாய்ச்சும் முனைகள். பலர் அவற்றைத் திருகாணி என்று நினைத்து மரையும் வெட்டிவிடுகிறார்கள். பாதி மூடிய இமை, ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய கன்னம், இந்த இரண்டையும் பிடித்த உருவம் சிறியதாக இருந்தாலும் மலிவாக இருந்தாலும் என் கையை விட்டுப் போகாது. கண்ணை முழுக்கத் திறந்துவிட்டால் அம்மாயி சொன்ன முழிப்பு வந்துவிடும்.

இரத்தம் கூடினால் பயங்கரமும் கூடுமா?

கூடாது. இரத்தம் ஊற்றிய உருவம் நடந்து முடிந்ததைக் காட்டுகிறது. நான் தேடுவது நடக்கப் போவதை. பூசத்தான் வேண்டும் என்றால் அது பூமியின் ஈர்ப்பை மதிக்க வேண்டும்: உயர்த்திய கையிலிருந்து முழங்கையை நோக்கி வழிய வேண்டும், விரல் நுனியை நோக்கி அன்று. காய்ந்த இரத்தம் பழுப்பாகவும் மங்கலாகவும், புதியது இருண்ட சிவப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும். குங்குமச் சிவப்பைத் தெளித்து வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குத் திருவிழா நினைவுதான் வருகிறது.

வண்ணப்பூச்சின் தரத்தை எப்படிச் சோதிப்பது?

அறை விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச்சைத் தரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பகலில் பார்த்தால் அழகாகத் தோன்றும் முகத்தில் அச்சு இணைந்த கோடு காதோரமாக ஓடுவது அப்போது தெரியும். அடுத்து, நிழலைப் பூச்சு உண்டாக்குகிறதா, செதுக்கல் உண்டாக்குகிறதா என்று கவனியுங்கள். நீர்த்த கருநிறத்தைப் பூசிக் குழிகளில் தேங்கவிட்டு மேடுகளைத் துடைப்பதும், பிறகு ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் மேடுகளில் வெளிர் நிறத்தைத் தடவுவதும் எல்லோரும் கையாளும் முறை. அளவோடு செய்தால் தோலுக்கு ஆழம் வரும். அளவு மீறினால் பிரெடியின் எரிந்த முகம், அடுப்புக்கரி பூசிய கிழங்கு போலாகிவிடும். தீக்காயத் தழும்பில் ஓரிடம் இறுகி மினுமினுக்கும், பக்கத்திலேயே ஓரிடம் வறண்டு மங்கியிருக்கும். ஒரே பளபளப்பை முகம் முழுவதும் அடித்திருந்தால் கவனமில்லாத வேலை.

கண்ணுக்குத் தனிக் கணக்கு உண்டு. மனிதக் கருவிழி ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் விட்டமுடையது. ஆறில் ஒரு பங்கு அளவிலான, அதாவது ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயர உருவத்தில் அது 2 மில்லிமீட்டர் ஆகிறது. அங்கே அரை மில்லிமீட்டர் பிசகினால் உண்மையான முகத்தில் 3 மில்லிமீட்டர் பிசகியதற்குச் சமம்; மாறுகண் வந்துவிடும். தொழிற்சாலைகளில் இதைப் பெரும்பாலும் மென்மையான அச்சுத் திண்டால் பதிக்கிறார்கள்; அது சற்று விலகிப் பதியலாம் என்பதால் ஒரே தொகுதியில் வந்த பத்துப் பெட்டிகளிலும் பார்வை பத்து விதமாக இருக்கக்கூடும். கடையில் வாங்குவதானால் இரண்டு மூன்று பெட்டிகளை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்; கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

நம் கோயில்களில் சிலைக்குக் கண் திறப்பதைக் கடைசி வேலையாக வைத்திருப்பதற்குச் சடங்கு சார்ந்த காரணங்கள் உண்டு. கண்டிய மரபில் புத்தர் சிலைக்குக் கண் எழுதும் கலைஞர், சிலையை நேராகப் பார்க்காமல் கண்ணாடியில் அதன் பிம்பத்தைப் பார்த்தே எழுதுவார். நான் மறுவண்ணம் பூசும்போது சடங்குக்காக இல்லாவிட்டாலும் கண்ணாடியைப் பயன்படுத்துகிறேன். இடம் வலம் மாறிய பிம்பத்தில், நேரில் பழகிப்போய்த் தெரியாமலிருந்த கோணல் உடனே தெரியும்.

அசையும் மூட்டுகள் உள்ள உருவம் சிறந்ததா, அசையாச் சிலை சிறந்ததா?

ஒவ்வொரு மூட்டும் தசையை அறுத்துக்கொண்டு போகும் ஒரு கோடு. 1998இல் மக்ஃபார்லேன் டொய்ஸ் நிறுவனத்தின் மூவி மேனியாக்ஸ் வரிசை வந்தபோது, அசைவைக் குறைத்துச் செதுக்கலைக் கூட்டினால் கடையில் தொங்கும் பொம்மைகூடச் சிற்பம் ஆகலாம் என்பது தெரிந்தது. இன்று நுட்பம் வளர்ந்து, மூட்டை உடையின் மடிப்பில் மறைக்கிறார்கள். மறைத்திருந்தால் குறை சொல்ல மாட்டேன்.

ஜப்பானியப் படமான 'ரிங்' 1998இல் தந்த சடகோ என்ற பேய்ப்பெண் இதில் விதிவிலக்கு. அந்த நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டியதால்தான் அந்த நடை உயிருள்ள எதுவும் நடக்காத நடையாயிற்று. அசைவிலேயே இருந்த அச்சத்தை அசையாத பொருளில் எப்படிக் கொண்டுவருவது? மூட்டு எத்தனை இருந்தாலும் உதவாது. கையும் தோளும் ஒன்றோடொன்று உடன்படாத திசைகளில் திரும்பி, அடுத்த அடி எந்தப் பக்கம் விழும் என்று ஊகிக்க முடியாதபடி நிறுத்தியவரே வென்றவர். முகத்தை மறைக்கும் கூந்தலும் கடினமானது. ஒரே பாளமாக வார்த்துவிட்டால் கறுப்புத் துண்டு போர்த்தியது போலிருக்கும். நீரில் நனைந்து கற்றை கற்றையாகப் பிரிந்து, ஓரிரு இடைவெளி விட்டிருக்க வேண்டும்.

பெரிய உருவத்தில் கலை கூடுதலா?

இல்லை. பெரிய உருவத்தில் பிழையும் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். துணி உடை விடயத்தில் மட்டும் பெரியது உதவும்: சாதாரணத் துணியை ஆறில் ஒரு பங்கு உருவத்துக்குத் தைத்தால் அதன் இழை ஆறு மடங்கு பருமனாகத் தோன்றி, சாக்கு உடுத்தியது போலாகிவிடும்.

போலி வார்ப்பைக் கலைத்தரத்தால் அடையாளம் காண முடியுமா?

பெரும்பாலும் முடியும். அசல் உருவத்திலிருந்து சிலிக்கோன் அச்செடுத்து ரெசினில் மீண்டும் வார்க்கும்போது அளவு சிறிது சுருங்கும். தோல் துளை, தையல் கோடு, நகக்கண் போன்ற நுண்ணிய ஓரங்கள் மழுங்கும். நுண்குமிழிகள் விரலிடுக்கில் நிற்கும். சவர்க்காரக் கட்டியை நாலைந்து முறை பயன்படுத்தினால் அதிலுள்ள எழுத்து எப்படி இருக்குமோ அப்படி இருக்கும்.

வடிவமைத்தவர் யார் என்பதை மதிப்பீட்டில் சேர்க்க வேண்டுமா?

சேர்க்க வேண்டும். 1954இல் வந்த 'கிரியேச்சர் ஃப்ரொம் த பிளக் லகூன்' படத்து நீர்மனிதனை வடிவமைத்தவர் மிலிசென்ட் பட்ரிக் என்ற பெண் கலைஞர். ஒப்பனைப் பிரிவின் தலைவராக இருந்த பட் வெஸ்ட்மோரின் பெயரே பல ஆண்டுகள் பேசப்பட்டது. செதிளும் செவுளும் ஒரு தாளத்தில் அடுக்கப்பட்டிருக்கும் அந்த உடல் யாருடைய மனத்தில் தோன்றியது என்பதை அறிந்தவர், பொம்மையில் அந்தத் தாளம் எங்கே குலைகிறது என்பதையும் எளிதில் காண்பார். பெட்டியின் பின்புறத்தில் சிற்பி, வண்ணக் கலைஞர் பெயர்களை அச்சிடும் உற்பத்தியாளர்களுக்கு என் மனத்தில் எப்போதும் சிறிது சலுகை உண்டு.

இணையப் படங்களை மட்டும் பார்த்து முன்பதிவு செய்யலாமா?

விளம்பரப் படத்தில் இருப்பது பெரும்பாலும் கையால் வண்ணம் பூசிய முன்மாதிரி. ஒரு முறை, மயர்ஸின் அந்தக் கழுத்துச் சாய்வுக்காகவே மூன்று மாதச் சேமிப்பைக் கொடுத்து ஓர் உருவத்தை வரவழைத்தேன். பெட்டியைத் திறந்தால் கழுத்து பொலிஸ்காரரைப் போல் நேராக நின்றது. முகமூடியின் விளிம்பு காலரில் இடித்துச் சாயவிடவில்லை. விற்றவர் என் கடிதங்களுக்குப் பதில் போடவில்லை. கடைசியில் தலையைச் சுடுநீரில் இளக்கிக் கழற்றி, உட்புற விளிம்பை மெல்லிய கத்தியால் ஒரு நெல் அளவு சீவி, மீண்டும் பொருத்தினேன். அந்த ஒரு நெல் அளவில் உருவமே மாறிவிட்டது. வாங்கியவர்கள் எடுத்த படங்கள் வெளிவரும்வரை பொறுத்திருப்பதே நல்லது.

நம் நாட்டு முகமூடிகளோடும் கூத்து ஒப்பனையோடும் இவற்றை ஒப்பிடுவது பொருந்துமா?

பொருந்தும், பலர் அதைச் செய்வதில்லை என்பது எனக்கு வியப்பு. தென்மேற்குக் கரையில் அம்பலாங்கொடையில் செதுக்கப்படும் பதினெட்டு சன்னி முகமூடிகளும் நோய்களைப் பேய்களாக உருவகிப்பவை. அவற்றின் கண் பிதுங்கியும் வாய் கோணியும் இருப்பது இரவில் பந்தத்தின் ஆடும் ஒளியில், தூரத்திலிருந்து பார்ப்பதற்காக. மாசி மாதத்தில் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்தில் வீரபத்திரனாக வருபவரின் அரிதாரமும் அப்படியே. அருகில் போய்ப் பார்த்தால் கோடுகள் முரட்டுத்தனமாக இருக்கும். பத்து யார் தள்ளி நின்றால் குழந்தைகள் தாயின் முந்தானைக்குள் ஒளிவார்கள். எந்தத் தூரத்திலிருந்து, எந்த வெளிச்சத்தில் பார்க்கப்படும் என்று தெரிந்து செய்த வேலை அது. திகில் படங்களின் ஒப்பனையும் நிழலுக்குள் பாதி மறைவதற்காகச் செய்யப்பட்டதே. வெள்ளை மின்குமிழின் கீழ் நாலாபுறமும் பார்க்கக்கூடிய அலுமாரிப் பொம்மை, அந்த நிழலையும் தன்னோடு கொண்டுவர வேண்டியிருக்கிறது. தொப்பியின் விளிம்பை ஒரு நூல் இறக்கி, கண்குழியை ஆழமாக்கி, எந்த விளக்கிலும் கண்மேல் நிழல் விழும்படி செதுக்கிய பிரெடி உருவம் ஒன்று என்னிடம் உள்ளது. அதன் கண்ணை முழுதாக இன்னும் பார்த்ததில்லை. ஆனாலும் அது பார்க்கிறது.

மலையகத்து ஈரத்தில் வண்ணமும் உடையும் கெடாமல் எப்படி வைப்பது?

நுவரெலியா போன்ற உயரத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். முதலில் பலியாவது போலித் தோல் உடை. ஈரம் ஏற ஏற அதன் மேற்பூச்சு செதிள் செதிளாக உரியும், அதற்கு மருந்து கிடையாது. உண்மையான துணியில் பூஞ்சணம் பிடிக்கும். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களை அலுமாரியின் ஒவ்வொரு தட்டிலும் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். பிவிசி உருவங்களை மூடிய பெட்டியிலேயே வருடக்கணக்கில் வைத்தால், அவற்றை இளக்குவதற்குச் சேர்த்த இரசாயனம் கசிந்து பிசுபிசுக்கும். இளஞ்சூட்டு நீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவி, நிழலில் உலர்த்தினால் போகும். வெயில் படும் சன்னலோரம் வேண்டாம். மயர்ஸின் வெள்ளை முகம் மஞ்சளாகிவிடும்.

வீட்டுப் பெரியவர்கள் எதிர்த்தால் எங்கே வைப்பது?

சாமிப் படம் இருக்கும் காம்பராவில் வைக்காதீர்கள். அதற்கு மேல் என்னிடம் பொதுவான பதில் இல்லை. என் வீட்டில் அம்மாயி மற்ற எல்லா உருவங்களையும் தூசு தட்டித் துடைத்து வைப்பார். கழுத்தைச் சீவிய அந்த மயர்ஸை மட்டும் இரவில் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறார்.